ஒரு பிரஷ்ஷை எதுவரை காப்பாற்றுவது?

1

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் அக்காவின் வாடகை வீடு. முன்னறையில் பலகை போட்டு, வாழையிலை விரித்து, வீட்டில் இருக்கும் ‘ஆயுதங்களை’ எல்லாம் அடுக்கியிருந்தாள். அத்தானின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை, மருமகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், என் லேப்டாப், அம்மாவின் பழைய பீடிக் கத்தரி. நடுவில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் இரண்டு பிரஷ்கள்.

அக்காவுக்கு நகம் வைக்கிற வேலை. திருநெல்வேலியில் ஒரு பியூட்டி பார்லரில் ஆறு வருடமாக இருக்கிறாள். அந்த பிரஷ்கள் அக்ரிலிக் நகம் வைக்க உதவுபவை. நான் சந்தனத்தைக் குழைத்து, இருப்பதிலேயே உயரமாகத் தெரிந்த முடிப் பக்கத்தில் பொட்டு வைக்கப் போனேன்.

“ஏல, முடியில வச்சிராத. சந்தனம் காஞ்சா முடி போச்சு. கட்டையில வை.”

கட்டையில் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு பிரஷ் மல்லிகை மொட்டு மாதிரி கூராக இருந்தது. இன்னொன்று, தேய்ந்த வாரியலைப் போல முனை விரிந்து கிடந்தது. எந்தக் கண்ணுக்கும் அது உதவாத பொருள் என்று தெரியும்.

“யக்கா, இது ஓடாதுல்லா? இத எதுக்கு வச்சிருக்க?”

“அது ரிட்டையர்டு ஆயாச்சு,” என்றாள் அம்மா, கட்டிலில் உட்கார்ந்தபடி. “என்னய மாதிரி.” சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த விரிந்த பிரஷ்ஷின் கதை எனக்கும் கொஞ்சம் தெரியும். அதைக் காப்பாற்ற அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்த இரவில் நானும் அந்த வீட்டில் இருந்தேன். காப்பாற்றிய பிரஷ்ஷை ஏன் கைவிட்டாள், கைவிட்டதை ஏன் பூஜையில் வைத்தாள் என்ற இரண்டு கேள்விகளும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஒரு பொருளை எதுவரை காப்பாற்ற வேண்டும்? யாருக்காக? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

முதலில் அந்த பிரஷ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அக்ரிலிக் நகம் என்பது ஒரு திரவமும் ஒரு பொடியும் சேர்ந்து இறுகுவது. பார்லரில் இவற்றுக்கு லிக்விட், பவுடர் என்று பெயர். வேதியியலில் லிக்விட்டை மோனமர் என்றும் பவுடரைப் பாலிமர் என்றும் சொல்வார்கள். பிரஷ்ஷை லிக்விட்டில் முக்கி, கிண்ணத்தின் விளிம்பில் அளவாக வழித்து, முனையால் பவுடரைத் தொட வேண்டும். முனையில் ஒரு சின்ன முத்து உருண்டு நிற்கும். அதை நகத்தின் மேல் இறக்கி, பிரஷ்ஷின் வயிற்றுப் பக்கத்தால் அழுத்தி, முனையால் ஓரம் சேர்க்க வேண்டும். சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். பிறகு ராவி, வடிவம் எடுத்து, பாலிஷ் போடுவார்கள். செயற்கைப் பல் கட்டும் பிளேட்டும், எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சையில் பூசும் சிமென்ட்டும் இதே பொருட்குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

முத்தின் ஈரம்தான் வேலை. ஈரம் கூடினால் நகத்திலிருந்து வழிந்து நகக்கண்ணுக்குள் இறங்கும். குறைந்தால் பொரிந்து நிற்கும். அந்த அளவைப் பிடித்துவைப்பது பிரஷ்ஷின் முடி. அதனால்தான் இந்த வேலைக்கு ‘கோலின்ஸ்கி’ முடியைத் தேடுகிறார்கள். அடியில் கனத்து, நுனியில் கூராகி, ஈரத்தை வயிற்றில் தாங்கி, கேட்டால் மட்டும் கொடுக்கும் முடி அது. நல்ல ஓவியத் தூரிகைகளிலும் அதே முடிதான்.

இப்படிப்பட்ட பிரஷ்ஷைப் பராமரிக்கும் விதிகள் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். புது பிரஷ்ஷின் முடி பசை போட்டு விறைப்பாக ஒட்டியிருக்கும். அதை விரலால் மெதுவாக உடைத்து, உதிர்கிற தூளைத் தட்டிவிட்டு, லிக்விட்டில் ஊறவைத்து, துணியில் துடைத்துத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகம் முடிந்ததும் லிக்விட் தொட்ட துணியில் துடைக்க வேண்டும். முடியைத் தலைகீழாக வளைக்கக் கூடாது. பிடித்து இழுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் விரலால் முனையைச் சேர்த்துவிட்டு, படுக்கப்போட வேண்டும். அல்லது முடி கீழ்நோக்கி இருக்கத் தொங்கவிட வேண்டும். நட்டுக்குத்தலாக டம்ளரில் செருகி வைத்தால், லிக்விட் இறங்கி, முடியைப் பிடித்திருக்கிற உலோகக் குழலுக்குள் போய் அதன் பசையைக் கரைத்துவிடும். ஜெல் வேலைக்கு அந்த பிரஷ்ஷை எடுக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. சோப்பும் தண்ணீரும் படக் கூடாது.

“ஆத்துல அலசி எடுத்தா தீட்டே போயிரும்னு சொல்லுத ஊர்ல, தண்ணி ஆவாத சாமான் இது ஒண்ணுதான்,” என்பாள் அக்கா. அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் தாமிரபரணிதான் பக்குவப்படுத்தும். பத்தமடைப் பாய்க்கான கோரையை, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் ஒரு வாரம் வரை ஊறப்போட்டு, பிறகு மயிரிழையாகக் கிழித்துத்தான் நெய்கிறார்கள். அப்படி நெய்த பாய் ஒன்றுதான் 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போனது. கோரை ஆற்றங்கரையில் முளைத்து, ஆற்றிலேயே ஊறுகிறது. இந்த பிரஷ்ஷின் முடிக்கு இந்த ஆற்றோடு எந்தச் சொந்தமும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

3

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் அது. பார்லரில் களக்காட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். வேலை பழகும் காலம் என்பதால் சம்பளம் மிகக் குறைவு. தேருக்கு முந்தின நாள் கூட்டம் அதிகம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், பயன்படுத்திய பிரஷ்ஷைத் துடைக்காமல் அப்படியே டம்ளரில் செருகிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் கடைக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் பார்த்தால் முடி முழுக்க அக்ரிலிக் இறுகி, தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு கட்டி.

பிரஷ்ஷின் விலை 2,800 ரூபாய். ஓனர் சத்தம் போடவில்லை. “பழகுறதுக்கும் செலவு உண்டுல்லா? சம்பளத்துல கழிச்சிக்கிடுவோம்,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“நான் சரி பண்ணித் தாரேன் மேடம். ஒரு நாள் குடுங்க,” என்று அக்கா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று இரவு சமையலறை மேடையில் அந்த வேலை நடந்தது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் லிக்விட். அதில் முடி அடியைத் தொடாதபடி, பிரஷ்ஷை ஒரு துணி கிளிப்பில் மாட்டி, கிண்ணத்துக்கு மேல் கிடத்திய குச்சியிலிருந்து தொங்கவிட்டாள். அடியைத் தொட்டால் முனை மடங்கிவிடுமாம். ஆவி போகாமல் இருக்கத் தட்டால் பாதி மூடினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, துணியில் உருட்டி, இளகின பொருக்கை மட்டும் மரக்குச்சியால் ஒதுக்கினாள். திரும்பவும் ஊறல். இறுகி முடிந்த அக்ரிலிக் லிக்விட்டில் கரையாது. ஊறி உப்பும், இளகும், அவ்வளவுதான். அவசரப்பட்டுப் பிய்த்தால் முடி சேர்ந்து வரும்.

“இவ்வளவு பாடு எதுக்கு? அசிட்டோன்ல போட்டா கரைஞ்சிரும்லா?” என்றேன். கூகுளில் பார்த்த அறிவு.

“கரைஞ்சிரும். முடியில உள்ள எண்ணெயும் போயிரும். அப்புறம் அது முடி இல்ல, வைக்கோலு.”

இரவு ஒரு மணி வாக்கில் நுனியில் ஒரு கட்டி மட்டும் அசையவே இல்லை. கடைசியில் குச்சியில் பஞ்சு சுற்றி, அசிட்டோனைத் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் வைத்து எடுத்தாள். கட்டி விட்டது. கூடவே ஏழெட்டு முடியும் வந்தது. பிறகு மறுபடி லிக்விட்டில் ஊறவைத்து, விரலால் முனை சேர்த்து, படுக்கவைத்தாள். பிரஷ் பிரஷ்ஷாகத் தெரிந்தது.

இதற்குள் வீடு முழுக்க அந்த நெடி. லிக்விட்டின் நெடி தெரியாதவர்களுக்கு: பெயின்ட் கடையும் பல் ஆஸ்பத்திரியும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும், தலையைப் பிடிக்கும். அம்மா இரண்டு முறை எழுந்து உட்கார்ந்து இருமினாள். மூன்றாவது முறை சுவரைப் பார்த்தபடி, “ஏட்டி, அந்த ஜன்னலையாவது தொற,” என்றாள்.

அக்கா திறந்தாள். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பொறுமையாக ஒரு பொருளை ஒருவர் காப்பாற்றுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உள்ளுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். தூக்கி எறியும் காலத்தில் பழுது பார்ப்பதன் அறம் என்று. நல்லவேளை, அதைத் தட்டச்சு செய்யவில்லை.

4

புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கலப்பையைத் தாண்ட மாட்டார்கள். தராசை எட்டி உதைக்க மாட்டார்கள். ஆயுத பூஜை அன்று தறி ஓடாது, பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷினுக்கும் குங்குமம் இருக்கும். பொருளுக்கு நாம் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு நமக்கு யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடன் உண்மையில் யாருக்கு?

இமானுவேல் காண்ட் 1797இல் வெளியான தன் அறநூலில் இதைத் தொட்டுச் செல்கிறார். உயிரில்லாத அழகான ஒன்றைக் காரணமின்றி அழிக்கிற மனப்பாங்கு மனிதன் தனக்குத் தானே செலுத்த வேண்டிய கடமைக்கு எதிரானது என்கிறார். நீண்டகாலம் உழைத்த கிழக்குதிரையிடம் காட்டும் நன்றியும் அப்படித்தான். மறைமுகமாக அது விலங்கின் விஷயத்தில் உள்ள கடமை, நேரடியாக எப்போதும் மனிதன் தனக்குத் தானே செலுத்தும் கடமை. சுருக்கமாகச் சொன்னால், பொருளை நல்லபடியாக வைத்துக்கொள்வது என் குணத்தைக் காப்பதற்கு.

அன்று இரவு நான் மனசுக்குள் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொன்னது. அதில் எனக்கு இப்போது ஒரு குறை தெரிகிறது. காண்ட்டின் கணக்கில் இருப்பவர்கள் இரண்டே பேர். நானும் பொருளும். ஆனால் கருவி அப்படித் தனியாக இருக்கிற பொருள் இல்லை. அதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள், முன்னால் யாரோ இருக்கிறார்கள். கருவி நடுவில் நிற்கிறது. பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் தெரியாது.

பின்னால் இருப்பது ஒரு விலங்கு. கோலின்ஸ்கி முடி என்பது சைபீரியாவின் குளிர்க்காடுகளில் வாழும் வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடி. மெலிந்து நீண்ட உடம்பு, குட்டைக் கால். கீரிப்பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு உருவம் பிடிபடும். நம்முடைய இமயமலைப் பகுதியிலும் அது உண்டு. உலக வனஉயிர் வணிக ஒப்பந்தமான சைட்டஸின் மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்க்கச் செய்தது இந்தியாதான்.

வீசல் தூரத்து விலங்கு என்று ஒதுக்கலாம் என்றால், கீரி நம் வயல் வரப்பில் ஓடுவது. இந்தியாவில் ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் பெருமளவில் கொல்லப்பட்டிருக்கின்றன. 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். 2019இல் வனஉயிர்க் குற்றத் தடுப்பு அமைப்பு ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் நாடு முழுக்கச் சோதனை நடத்தி, கீரிமுடித் தூரிகைகளையும் மூட்டையாக முடியையும் பிடித்தது. குழந்தையைக் காத்த கீரியைத் தப்பாக எண்ணிக் கொன்றுவிட்டு அழுத தாயின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கீரி வாலால் வாட்டர் கலர் அடித்துப் பரிசும் வாங்கியிருப்பார்கள். நானும் பள்ளியில் ஓவியப் போட்டிக்குப் போனவன். என் பிரஷ்ஷில் என்ன முடி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “செத்தது செத்தாச்சு. அத நாலு மாசத்துல குப்பையில போட்டா இன்னொண்ணு சாவும். நாலு வருசம் ஓட்டுனா அத்தன சாவு மிச்சம்,” என்றாள். பிறகு அவளே, “இப்ப செயற்கை முடியில நல்லதா வருதாம். அடுத்து வாங்கும்போது அத வாங்கிப் பாக்கணும்,” என்றாள்.

எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. எடுத்ததை இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. அதை வீணடிக்காமல் இருக்கலாம், அடுத்ததை எடுக்காமல் இருக்கலாம். பராமரிப்பு என்பதற்கு இப்படி ஒரு பொருள் உண்டு: நமக்கு முன்பே நடந்துவிட்ட ஒரு இழப்புக்குப் பொறுப்பேற்பது. பிரஷ்ஷை முடிந்தவரை காப்பாற்று என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது.

முன்னால் இருப்பவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

5

காப்பாற்றிய பிரஷ் மறுநாள் பார்லருக்குத் திரும்பியது. அந்தப் பெண்ணின் சம்பளம் பிடிக்கப்படவில்லை. அக்கா வேறு யாரிடமும் அதைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். வேலை ஓடியது. ஆனால் முனை பழையபடி சேரவில்லை. உதிர்ந்த ஏழெட்டு முடியின் இடம் பிளந்து நின்றது. ஈரத்தை அது பிடித்துவைக்கவில்லை. கையை இறுக்கியும் தளர்த்தியும் அக்கா ஈடுகட்டினாள்.

ஆவணியில் வாடிக்கையாளர் ஒருவர் திரும்பி வந்தார். அதே பெண் மூன்றாவது முறையாக நகம் வைத்துக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. நகக்கண்ணைச் சுற்றிச் சிவந்து, தோல் உரிந்து, அரிப்பு. மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அக்ரிலிக் அலர்ஜி, இனி நகம் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். சண்டை போட வரவில்லை. எடுத்துவிடச் சொல்லித்தான் வந்திருந்தார்.

இறுகிய அக்ரிலிக் தோலை ஒன்றும் செய்வதில்லை. இறுகாத லிக்விட் தோலில் திரும்பத் திரும்பப் படுவதுதான் ஆபத்து. உடம்பு ஒருமுறை அதை எதிரியாக முடிவு செய்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. பல் அடைக்கும்போதும், மூட்டு மாற்றும்போதும்கூட மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கும் இதே குடும்பத்துப் பொருள்கள். 2018இல் பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் செயற்கை நகங்களால் பரவும் இந்த ஒவ்வாமையைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது.

அந்த பிரஷ்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முதல் இரண்டு முறையும் நல்ல பிரஷ்ஷில் வைத்தபோதே உடம்பு அதைக் குறித்து வைத்திருக்கலாம். அக்காவிடம் இதைச் சொன்னேன். வேதியியல் தெரிந்தவன் போலச் சொன்னேன்.

“நிரூபிக்க வேண்டாம்ல. எனக்குத் தெரியும். அந்தப் பிள்ள சுண்டு விரல்ல வழிஞ்சிச்சு. தொடச்சேன். பிரஷ்ஷு சரியில்லன்னு அப்பவே கைக்குத் தெரிஞ்சிச்சு. ஆனா காப்பாத்துனது நான்லா? குத்தம் சொல்ல மனசு வரல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளுக்காக நாம் பட்ட பாடே அதன் குறையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. விடிய விடிய உட்கார்ந்து காப்பாற்றியதை உதவாது என்று சொல்ல, காப்பாற்றியவரால் முடிவதில்லை. பழுதுபார்த்தவரின் பெருமை அடுத்தவரின் விரலில் போய் முடிகிறது. ஓடாத பஸ்ஸை ஓட்டியே தீருவேன் என்கிற டிரைவருக்கும், இற்றுப்போன கூரையை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வீட்டுக்காரருக்கும், எந்தப் பழைய வழக்கத்தையும் விட மாட்டேன் என்கிற பெரியவருக்கும் இதே கதிதான். காப்பதில் அன்பு இருப்பது உண்மை. அந்த அன்புக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

என் பதில் இதுதான். எடுக்கப்பட்ட உயிருக்காக ஒரு கருவியை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். அதன் குறையை இன்னொருவர் உடம்பு சுமக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தை முதலில் அறிவது கை. அறிந்ததும் ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். அக்கா அன்றே அந்த பிரஷ்ஷை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். ஓனரிடம் 2,800 ரூபாயைத் தானே கொடுத்தாள். இரண்டு தவணையில்.

6

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு ஆளை விட்டுவிட்டேன்.

மார்ட்டின் ஹைடெகர் 1927இல் எழுதிய நூலில், சுத்தியல் நன்றாக வேலை செய்கிற வரை அது நம் கண்ணில் படுவதில்லை, கெட்டுப்போனால்தான் அது ஒரு பொருளாக நம் முன் வந்து நிற்கிறது என்கிறார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. முக்கூடல் பக்கத்தில் நாங்கள் இருந்த காலத்தில், அம்மா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பீடி சுற்றினாள். இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூல் கட்டி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டு போடும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். கழிவுக்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் திண்ணையில் எந்தக் காற்றோட்ட வசதியையும் அது கொண்டுவந்ததாக நினைவில்லை. அம்மாவின் வலது கைப் பெருவிரல் நகம் மடக்கி மடக்கிக் கரைந்து, ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நெஞ்சு பின்னால் தெரியவந்தது.

தமிழில் கருவி என்றால் ஆயுதம் மட்டும் இல்லை. கண்ணும் காதும் கையும் காலும்கூடக் கருவிதான். சைவ சித்தாந்தத்தில் ‘கருவி கரணங்கள்’ என்று உடம்பையும் மனத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அந்தப் பொருளில் பார்த்தால் அன்று இரவு சமையலறையில் இருந்த கருவிகள் நான்கு. இறுகின பிரஷ் ஒன்று. அதைத் தொட்டுத் தொட்டு நுனி வெடித்துப்போன அக்காவின் விரல்கள். நெடியில் இருமிக்கொண்டிருந்த அம்மாவின் நெஞ்சு. களக்காட்டு பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போன அந்தப் பெண்ணின் கைகள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டது ஒன்றை மட்டும்தான். விலை போட்டிருந்தது அதற்கு மட்டும்தான்.

அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் அந்த இரவு பிரஷ்ஷுக்காக உட்காரவில்லை, அந்தப் பெண்ணின் சம்பளத்துக்காக உட்கார்ந்தாள். ஆனால் நல்லதைச் செய்கிற இரவிலும் ஒருவர் கணக்கில் வராமல் போய்விடுகிறார். பெரும்பாலும் அது வீட்டில் இருக்கிற, பழகிப்போன, கேட்டுப் பழக்கமில்லாத ஆள்.

தாமிரபரணி இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் அந்தப் பெரிய இடுகாடு. 1876இல் ஜெர்மானியர் ஒருவரும், அடுத்து இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய அந்தத் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் ஆயுதங்களும் கிடைத்தன. செத்தவரோடு கருவியையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கையையும் கை பிடித்ததையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் அந்தக் குழிகளைப் பார்த்தால் தெரிகிறது.

ஆயுத பூஜை அன்று மாலை சாம்பிராணி போடும் நேரம். அந்தக் களக்காட்டுப் பெண்ணும் பூஜைக்கு வந்திருந்தாள். இப்போது நன்றாக வேலை பழகிவிட்டாள். பார்லரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கச் சொல்லி அக்கா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஏசிக் காற்று போய்விடும் என்று ஓனர் தயங்குகிறாராம். இன்னும் வைக்கவில்லை. மேசையில் இப்போது லிக்விட் கிண்ணத்துக்கு மூடி இருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அந்தப் பெண் இலையைப் பார்த்துவிட்டு, விரிந்த பிரஷ்ஷை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மாறியது.

“இத ஏன்க்கா இன்னும் வச்சிருக்கீங்க?”

“நல்லா ஒழைச்சிருக்குல்லா,” என்றாள் அக்கா. “இனும யார் வெரலையும் தொடாது. ராவுன தூசியத் தட்ட வச்சிருக்கேன்.” பிறகு அம்மாவின் கத்தரிக்குப் பக்கத்தில் அதை நகர்த்தி வைத்தாள்.

சூடத்தட்டைக் கையில் எடுத்தவள், தட்டு முழுக்கச் சாம்பிராணிப் புகையைப் பார்த்துவிட்டு, கட்டிலில் இருந்த அம்மாவையும் பார்த்தாள்.

“ஏல, முதல்ல அந்த ஜன்னலத் தொற.”